22 ஆண்டுகள், ஒரே வேதாகமம்

அக்காள் மகன் இந்த ஆண்டு திடப்படுத்தல் எடுக்கிறான், அதாவது சபையின் முழு உறுப்பினனாகிறான். "எந்த வேதாகமம் வாங்கட்டும், மாமா?" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். 2003 டிசம்பரிலிருந்து என்னோடு இருக்கும் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கியதால் அது இரண்டு மணி நேரமாகிவிட்டது. அவன் நல்ல பையன், கொட்டாவியை அடக்கிக்கொண்டான். அவனுக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. பரிசுத்த வேதாகமம், பழைய மொழிபெயர்ப்பு, ஒத்துவாக்கியங்களோடு (ஒரு வசனத்தோடு ஒத்துப்போகும் வேறு வசனங்களைக் காட்டும் குறிப்புகளோடு) கூடியது. ஹென்றி பவர் தலைமையில் பல சபையார் சேர்ந்து திருத்தி 1871-இல் முழுமையாக வெளிவந்த தமிழ். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் எங்கள் தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தில் பீடத்தருகே வாசிக்கப்படுவது அதுதான். கறுப்பு ரெக்சின் அட்டை, ஜிப் வைத்த உறை. ஜிப் ஆறே மாதத்தில் பல்லிளித்துவிட்டது. ஜிப் உறைக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தாள் மெல்லியது, மறுபக்கத்து எழுத்து நிழலாடும். நாற்பது வயது வரை அது தெரியவில்லை. இப்போது கண்ணாடி போட்டும் ஒத்துவாக்கியங்களைப் படிக்க ஜன்னலோரம் போகவேண்டியிருக்கிறது. மேற்கோள் குறிகளே கிடையாது. யார் பேச்சு எங்கே முடிகிறது என்று நாமே கண்டுபிடிக்கவேண்டும். பள்ளியில் படிக்கும் என் மகளுக்கு 'ஸ்திரீ', 'மனுஷன்' எல்லாம் தடுக்குகின்றன.

மதுரை அரசரடியில் வீடு. கீழவெளி வீதிப் பக்கம் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் கடைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் வாசிப்பது வழக்கம். இடையில் மாதக்கணக்கில் வாசிக்காமல் விட்டதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புத்தகத்தை மூடிப் பக்கவாட்டில் பார்த்தால் அதை வைத்திருப்பவனின் கதை தெரிந்துவிடும். முதல் எட்டு ஆண்டுகளில் என் புத்தகத்தின் ஓரத்தில் இரண்டு அழுக்குப் பட்டைகள் விழுந்திருந்தன. ஒன்று சங்கீதம் என்ற பாடல் நூல், இன்னொன்று இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்கள். எசேக்கியேலிலிருந்து மல்கியா வரை கடையிலிருந்து வந்த வெள்ளை அப்படியே இருந்தது. உள்ளே சிவப்புப் பென்சில் கோடுகள். ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன், கைவிடுவதில்லை என்று வரும் இடங்களிலெல்லாம் கோடு. அதற்கு அடுத்த வசனத்தில் 'நீங்கள் மனந்திரும்பினால்' என்று ஒரு நிபந்தனை வந்தால் கோடு அதற்கு முன்னாலேயே நின்றுவிடும். மிகத் துல்லியமான பென்சில்.

இந்தப் பழக்கம் வாக்குத்தத்த அட்டையிலிருந்து வந்தது. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வசனம் அச்சிட்ட அட்டை எடுப்போமே, அதுதான். 2011-க்கு எனக்கு வந்தது எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று கர்த்தர் சொல்லும் வசனம், "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று முடியும். அட்டையை அந்தப் பக்கத்திலேயே செருகி வைத்தேன். அதே ஆண்டு ஆகஸ்டில் நான்குவழிச் சாலையில் நடந்த விபத்தில் தம்பி இறந்துபோனான்.

வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ரோமர் 8:28-ஐச் சொன்னார்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது. தப்பாகச் சொல்லவில்லை, வசனம் அங்கே இருக்கிறதுதான். ஆனாலும் நான்காவது முறை கேட்டபோது எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன். கடையில் சுமை இறக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். அவர் கிறிஸ்தவரல்லர். சாயங்காலம் வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, டீ வாங்கித் தந்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்கள் என்று பிற்பாடு வாசித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. அந்த மூவரும் அதோடு நிறுத்தியிருக்கலாம். எட்டாம் நாள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள், கடைசி அதிகாரத்தில் தேவனிடமே திட்டு வாங்கினார்கள்.

அட்டையைக் கிழிக்கும் எண்ணத்தோடுதான் எரேமியாவைத் திறந்தேன். அதுவரை அந்த வசனத்தின் முன்பின் எதையும் வாசித்தவனல்லன். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், எழுபது ஆண்டு ஆகும் என்கிறார். கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு எழுபது என்ற எண் தப்புமா? கடிதத்தை வாங்கிய பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவன் வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் தீர்க்கதரிசனம் சொன்னவன். அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது அதிகாரம், அந்த வருடமே செத்தும் போகிறான். புத்தாண்டு அட்டை அச்சடிக்க அனனியாவைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆனால் நாம் அட்டையில் எரேமியாவைப் போட்டு, அனனியாவின் அர்த்தத்தில் வாசிக்கிறோம்.

இதனால் தம்பி போன துக்கம் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தது அந்த வசனத்தோடு அல்ல, அட்டையோடு என்று தெரிந்தது. அட்டையைக் கிழிக்கவில்லை. அதன் பின்புறத்தில் 'எழுபது' என்று மட்டும் எழுதி வைத்தேன். அந்த ஆண்டிலிருந்து வேதாகமத்தின் ஒரு நூலைத் தொடங்கினால் முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பது என்று வைத்துக்கொண்டேன். சங்கீதம் 88 இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, ஒரு துளி ஆறுதல் கிடையாது என்பது எட்டு ஆண்டு சங்கீதப் பட்டையை அழுக்காக்கிய எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. அதன் ஓரத்தில் தம்பி இறந்த தேதியை எழுதினேன்.

இரண்டாவது மாற்றத்துக்குக் காரணம் என் மனைவி. அவள் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்கு ஒரு பக்கம், நான் ஆராதனைக்கு ஒரு பக்கம். அவளிடம் இருப்பது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். என்னுடையதில் 66 நூல்கள், அவளுடையதில் 73. இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து வாசிக்கத் தொடங்கியது 2012 தவக்காலத்தில். முதல் நாளே சிரிப்புதான். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று நான் வாசிக்க, அவளுடையதில் "ஆண்டவரே என் ஆயர்". அவர்கள் சபையில் ஆயர் என்றால் பிஷப், எங்கள் சபையில் பிஷப் பேராயர், பாஸ்டர்தான் ஆயர். "உங்கள் வழக்கப்படி பார்த்தால் ஆண்டவருக்குப் பதவி இறக்கம்" என்றாள்.

எனக்கு மேய்ப்பர்தான் பிடித்திருக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. அறுவடை முடிந்த தரிசில் கிடை போட வரும் கீதாரிகளை, அதாவது ஆட்டிடையர்களை, மேலூர்ப் பக்கம் பார்த்திருக்கிறேன். தலையில் துண்டு, தோளில் தூக்குச்சட்டி, கிளை வளைக்கத் தொரட்டி. ராத்திரி கிடைக்குப் பக்கத்திலேயே படுக்கை. நரிக்கும் திருடனுக்கும் பயந்து பாதித் தூக்கம். நாள்காட்டிப் படத்தில் வெள்ளையங்கி போட்டு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பவருக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்ற வரி அந்தத் தொரட்டியைப் பார்க்கும் வரை எனக்கு வெறும் அலங்காரமாகத்தான் இருந்தது.

இரண்டு தமிழையும் ஒப்பிட்டதில் பெரிய லாபம் ஒரு சின்னச் சொல்லில் கிடைத்தது. மாற்கு 4-ஆம் அதிகாரம், கடலில் புயல், இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். என் புத்தகத்தில் சீடர்கள் அவரை எழுப்பி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள். மனைவி அங்கே நிறுத்தினாள்.

"நாங்கள் என்றா இருக்கிறது? அவரும் அதே படகில்தானே இருக்கிறார்? உங்கள் சீடர்கள் அவரை வெளியே நிறுத்திவிட்டார்களே."

அவளுடைய திருவிவிலியத்தில் "சாகப்போகிறோமே" என்று வினைமுற்று மட்டும் இருக்கிறது. நாமா, நாங்களா என்று அது சொல்லவில்லை. கிரேக்க மொழியில் இந்த வேறுபாடே கிடையாது, எனவே தமிழில் எழுதுகிறவர்தான் முடிவு செய்யவேண்டும். 'நாம்' என்று போட்டால் படகு கவிழ்ந்தால் அவரும் மூழ்குவார் என்றாகிறது. 'நாங்கள்' என்று போட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று சீடர்கள் நம்பினார்கள் என்றாகிறது. இயேசு மெய்யான தேவன், மெய்யான மனிதன் என்று 451-இல் கல்செதோன் சங்கம் (திருச்சபைத் தலைவர்கள் கூடிய பேரவை) வரையறுத்ததைத் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அது அந்தப் படகுக்குள் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அசதியில் தூங்குகிறவரும் அவர்தான், எழுந்து கடலை அதட்டுகிறவரும் அவர்தான். என்னைக் கேட்டால், பயந்தவன் 'நாங்கள்' என்றுதான் சொல்வான். 2011 ஆகஸ்டில் என் ஜெபமெல்லாம் 'நாங்கள்' ஜெபம்தான். நீர் மேலே பத்திரமாக இருக்கிறீர், நாங்கள் இங்கே சாகிறோம் என்ற தொனி. மத்தேயு முதல் அதிகாரத்தில் இம்மானுவேல் என்ற பெயருக்கு 'தேவன் நம்மோடு இருக்கிறார்' என்று பொருள் கொடுத்திருக்கிறது. அங்கே 'எங்களோடு' என்று போடாமல் 'நம்மோடு' என்று போட்டவரின் காதுக்கு ஒரு கும்பிடு.

ஒரு தடவை கோபமும் வந்தது. 1 யோவான் 5:7. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இம்மூவரும் ஒன்று என்று என் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. திரித்துவத்துக்கு ஆதாரம் கேட்பவர்களிடம் நான் எடுத்து நீட்டும் வசனமே அதுதான். அவளுடையதில் அது இல்லை. "உங்கள் ஆட்கள் வெட்டிவிட்டார்கள்" என்றேன். பிறகு, எங்கள் மாடியில் குடியிருந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி மாணவரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்த வாக்கியம் இல்லை, இலத்தீன் வழியாகப் பின்னால் நுழைந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில்கூட இல்லை, 1522-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தார். வெட்டியது அவர்கள் அல்ல, ஒட்டியது முன்னோர். இரண்டு வாரம் மனசு சரியில்லை. ஆனால் 381-இல் கான்ஸ்டாண்டிநோப்பிள் சங்கம் கூடியபோது அந்த வாக்கியத்தைத் தூணாக வைத்துக் கட்டவில்லை. இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து சத்தம், புறாவைப்போல் இறங்கும் ஆவி, தண்ணீரில் நிற்கும் குமாரன் என்று சுவிசேஷமே காட்டுகிறது. இப்போதெல்லாம் அந்த 7-ஆம் வசனத்தை யாரிடமும் நீட்டுவதில்லை.

இன்னும் இரண்டு சொற்கள். நான் 'விசுவாசம்' என்பதை அவள் 'நம்பிக்கை' என்கிறாள். அவளுடையது எளிது, ஆனால் என்னுடையதில் ஓர் அர்த்தம் கூடுதல். உண்ட வீட்டுக்கு விசுவாசம் என்று சொல்லும்போது அது மனத்தில் நினைப்பது மட்டுமல்ல, கூடவே நிற்பது. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்வது இந்தத் தமிழில் இயல்பாகவே பொருந்திவிடுகிறது. மறுபக்கம், பவுல் சொல்லும் 'நீதிமானாக்கப்படுதல்' எனக்குக் கோர்ட்டு வாசனை அடிக்கும். அவளுடைய 'கடவுளுக்கு ஏற்புடையவராதல்' அதைவிட வீட்டு வாசலுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. இந்த ஒரு சொல்லுக்காக ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை நடந்து, 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். எங்கள் மேசையில் அது டம்ளர் காப்பியோடு தீர்ந்தது.

தீராதது மத்தேயு 20. திராட்சத்தோட்டத்துக்காரர் விடியற்காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். கூலிப் பேரேடு எழுதுகிறவனாக இந்த உவமையை நான் பல ஆண்டுகள் வெறுத்தேன். எந்த முதலாளி இப்படிச் செய்தாலும் மறுநாள் காலையில் ஒருவனும் வரமாட்டான். எங்கள் கடைக்கு எதிரே கொத்தனார்களும் சித்தாள்களும் காலை ஏழு மணிக்கு வந்து நிற்பார்கள். எட்டரைக்குள் வாட்டசாட்டமானவர்கள் போய்விடுவார்கள். பத்து மணிக்கு மேலும் நிற்பது வயதானவர்கள், கை நடுங்குகிறவர்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்று உவமையில் பதில் வருகிறது. அந்தப் பதிலை நான் சோம்பேறியின் சாக்காகவே வாசித்துவந்தேன். எதிர்ச்சாரியைப் பார்த்துக்கொண்டே வாசித்த ஒரு நாள் அப்படி வாசிக்க முடியவில்லை. அவனுக்கும் ஒரு நாள் அரிசி வேண்டும். ஆனாலும் பகலெல்லாம் வெயில் சுமந்தவனின் முணுமுணுப்பு எனக்கு இன்னும் நியாயமாகத்தான் படுகிறது. கிருபையைப் பற்றிய உபதேசத்தில் நான் தேறாத பாடம் இது.

செல்பேசியிலும் வேதாகமம் வைத்திருக்கிறேன். வசனம் தேட உதவும். மூன்று வசனம் வாசிப்பதற்குள் கடையிலிருந்து அழைப்பு வந்துவிடும்.

2024-இல் என் புத்தகத்தின் முதுகு பிரிந்து ஆதியாகமம் தனியாகக் கழன்றுவிட்டது. பைண்டிங் கடையில் கொடுத்தேன். தையல் உறுதி, அட்டையும் பரவாயில்லை. ஆனால் கேட்காமலே விளிம்பைச் சீராக வெட்டிவிட்டார்கள். அழுக்குப் பட்டைகள் போயின. ஓரத்தில் எழுதிய குறிப்புகளில் பாதி போயின. சங்கீதம் 88-க்கு அருகே இருந்த தேதியில் '2011' மட்டும் நிற்கிறது. பைண்டிங் கொடுப்பவர்கள் "விளிம்பு வெட்டக்கூடாது" என்று துண்டுச் சீட்டில் எழுதி அட்டையில் ஒட்டிக் கொடுங்கள்.

அக்காள் மகனிடம் இரண்டும் வாங்கு என்றேன். பெரிய எழுத்துப் பதிப்பாக, உறை இல்லாமல், சிவப்புப் பென்சிலும் இல்லாமல். நேற்று வாங்கிவந்து காட்டினான். ஒன்றுதான் வாங்கியிருக்கிறான், அதுவும் ஜிப் வைத்தது.