கெரட்டோகோனஸ் கண்ணுக்கு ஸ்க்லீரல் லென்ஸ்: ஒரு டூல் ரூம்காரனின் அனுபவம்

கருவிழி கூம்பாகிப் பார்வை கெடும் கெரட்டோகோனஸ் நோய் உள்ளவர்கள், வெண்விழியில் உட்காரும் ஸ்க்லீரல் என்ற பெரிய கான்டாக்ட் லென்ஸுக்கு இவ்வளவு பணம் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். போடலாம். கண்ணாடியும் கைவிட்டு, சின்ன லென்ஸும் கைவிட்ட கண்ணுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. ஆனால் எந்தக் கம்பெனி லென்ஸ் என்று தேடுவதற்கு முன்னால், யார் அளவெடுக்கிறார்கள் என்று தேடுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை என் வேலையை வைத்தே விளக்க முடியும்.

நான் கோவையில் ஒரு டூல் ரூமில், அதாவது அச்சுகளும் கருவிகளும் செய்யும் பட்டறையில், குவாலிட்டி பார்க்கிறேன். பெரும்பாலும் புரொஃபைல் புரொஜெக்டர்தான் என் இடம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மேஜையில் ஒரு பீஸை வைத்து, நேர்கோட்டில் வரும் ஒளியை அதன் மேல் விடுவார்கள். அந்தப் பீஸின் நிழல் லென்ஸ் வழியாகப் பெரிதாகி, பால்கண்ணாடித் திரையில் விழும். 10 மடங்கு, 20 மடங்கு, 50 மடங்கு என்று லென்ஸை மாற்றிக்கொள்ளலாம். திரையில் இருக்கும் குறுக்குக்கோட்டை நிழலின் ஓரத்தோடு பொருத்தி அளவைப் படிக்க வேண்டும். மரையின் கோணம், கியர் பல்லின் உருவம், ஓரத்தில் இருக்கும் பிசிறு எல்லாம் அதில் அப்பட்டமாகத் தெரியும்.

கெரட்டோகோனஸ் முற்றியபோது அந்த ஓரம் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. கறுப்பு நிழலுக்குக் கீழே வெளிறிய இன்னொரு நிழல், அதற்கும் கீழே இன்னொன்று. குறுக்குக்கோடும் மூன்றாகப் பிரிந்து நிற்கும். எந்தக் கோட்டை எந்த ஓரத்தோடு பொருத்துவது? இரவில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் ஒன்று, கீழே வால் வைத்த நாலைந்து விளக்காகத் தெரிந்தது. கண்ணாடியின் பவரை மாற்றி மாற்றிப் போட்டும் பலன் இல்லை.

பலன் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. இந்த நோயில் கருவிழி, அதாவது கண்ணின் முன்னால் இருக்கும் தெளிந்த படலமான கார்னியா, மெலிந்து, உள்ளழுத்தத்தால் கூம்பாக முன்னே தள்ளும். பெரும்பாலும் நடுவிலிருந்து சற்றுக் கீழே தள்ளும். மேடும் பள்ளமும் ஓர் ஒழுங்கில் இருந்தால்தான் கண்ணாடியால் அதைச் சரிக்கட்ட முடியும். ஒழுங்கே இல்லாத பரப்பில் ஒளி பல இடத்தில் சிதறும். சி3ஆர் என்று சொல்கிறார்களே, ரிபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புற ஊதாக் கதிர் காட்டும் சிகிச்சை, அது கருவிழியை இறுக்கி நோய் மேலும் வளராமல் தடுப்பதற்கு. அது முடிந்ததும் பார்வை தெளிந்துவிடும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். அப்புறம், கண்ணைக் கசக்கவே கூடாது. இந்த நோயோடு சேர்த்து மருத்துவர்கள் முதலில் சொல்கிற எச்சரிக்கை அதுதான். அரிப்பு இருந்தால் அதற்கு மருந்து வாங்குங்கள்.

அடுத்து ஆர்ஜிபி என்கிற சின்னக் கெட்டி லென்ஸ். பார்வை நன்றாகவே தெளிந்தது. ஆனால் அது கருவிழியின் மேலேயே உட்கார்கிற லென்ஸ். கூம்பின் நுனியில் உட்கார்ந்து ஆடும். எங்கள் இடத்தில் கிரைண்டிங் தூசி உண்டு. ஒரு துகள் உள்ளே போனால் போதும், கண்ணைத் திறக்க முடியாது. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு ஆர்ஜிபி ஒத்துப்போனால் அதிலேயே இருங்கள். விலையும் குறைவு, பராமரிப்பும் எளிது.

சாஃப்ட் லென்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடும் மெர்க்குர் உலோகத் துண்டுகளைப் பூட்டி ஒரு சுழல் இயந்திரம் செய்து, அதில்தான் சாஃப்ட் லென்ஸை வார்த்தெடுத்தார். மெஷினோடு பிழைக்கிறவன் என்ற முறையில் அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை. ஆனால் சாதாரண சாஃப்ட் லென்ஸ் வளைந்துகொடுத்து, கருவிழி எப்படி இருக்கிறதோ அதே உருவத்தை எடுத்துக்கொள்ளும். முற்றிய கூம்புக்கு அது உதவாது.

ஸ்க்லீரல் லென்ஸ் வேறு மாதிரி. கருவிழியின் குறுக்களவு சுமார் 11.5 முதல் 12 மி.மீ. என் லென்ஸின் குறுக்களவு 16.5 மி.மீ. அதனால் அது கருவிழியைத் தொடாமல் தாண்டிப் போய், வெண்விழியில் உட்காருகிறது. இடையில் இருக்கும் இடத்தைச் சலைன் என்ற உப்புநீர் நிரப்புகிறது. குண்டும் குழியுமான ரோட்டில் மழைத்தண்ணீர் நின்றால் மேலே மட்டமாகத் தெரியுமே, அதுதான் இங்கே நடப்பது. கருவிழியின் ஒளிவிலகல் எண் 1.376, கண்ணீரின் எண் 1.336, சலைனுக்கும் கிட்டத்தட்ட அதுவே. இரண்டும் நெருக்கமாக இருப்பதால் மேடுபள்ளங்கள் ஒளிக்குப் பெரும்பாலும் தெரியாமல் போகின்றன. லென்ஸின் வழவழப்பான முன்பரப்புதான் இனி கண்ணின் முன்பரப்பு.

யோசனை புதிதல்ல. 1888இல் சூரிச்சில் அடோல்ஃப் ஃபிக் என்ற கண் மருத்துவர் இதே மாதிரி வெண்விழியில் உட்காரும் கண்ணாடி லென்ஸை வெளியிட்டார். உள்ளே சர்க்கரைக் கரைசல். சில மணி நேரத்துக்கு மேல் போட முடியாது. அதே காலத்தில் பாரிஸில் எஜேன் கால்ட் கெரட்டோகோனஸ் கண்ணிலேயே இப்படிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அப்புறம் யோசெஃப் டாலோஸ் என்ற மருத்துவர் உயிருள்ள கண்ணிலிருந்து நேரடியாக அச்செடுத்து, அந்த அச்சின்படி லென்ஸ் செய்தார். இத்தனை செய்தும் இந்த லென்ஸ் ஓரம்கட்டப்பட்டதற்கு ஆக்ஸிஜன்தான் காரணம். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, காற்றிலிருந்துதான் அது மூச்சு விடுகிறது. கண்ணாடியும் பழைய அக்ரிலிக்கும் காற்றை விடாது. 1948இல் கெவின் டூஹி கருவிழியில் மட்டும் உட்காரும் சின்ன லென்ஸைக் கொண்டுவந்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1983இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் டான் எசக்கியேல் என்பவர் ஆக்ஸிஜன் ஊடுருவும் பொருளில் ஸ்க்லீரல் லென்ஸ் செய்ததைப் பற்றி எழுதினார். என் கண்ணில் இருப்பது அந்த வழியில் வந்த லென்ஸ்.

சரி, அளவெடுப்புக்கு வருகிறேன்.

கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக்கும் டோபோகிராபி மெஷினில் முகவாயை வைத்ததும், எதிரே ஒன்றுக்குள் ஒன்றாக ஒளி வளையங்கள் தெரியும். 1880 வாக்கில் போர்ச்சுகல்காரர் அந்தோனியோ பிளாசிடோ கறுப்பு வெள்ளை வளையம் வரைந்த ஒரு தட்டை வைத்துச் செய்ததைத்தான் இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. வளையங்கள் உங்கள் கருவிழியில் பிரதிபலிக்கும். கேமரா அதைப் படம் பிடிக்கும். நல்ல கண்ணில் வளையங்கள் வட்டமாக, சம இடைவெளியில் இருக்கும். செங்குத்தான இடத்தில் நெருங்கி வரும். என் படத்தில் கீழ்ப்பக்க வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேல்பக்கம் விலகி, மொத்தமும் கீழே சரிந்திருந்தன. திரையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நான் நிழலை வைத்து ஓரத்தைப் படிக்கிறேன், அவர்கள் பிரதிபலிப்பை வைத்து வளைவைப் படிக்கிறார்கள். பீஸைத் தொடாமல் ஒளியை வைத்து உருவத்தைப் பிடிக்கிற வித்தை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆனால் லென்ஸ் உட்காரப்போவது வெண்விழியில். அந்த வளையங்கள் அதுவரை போவதில்லை. வெண்விழியும் சீரான உருண்டை இல்லை. மூக்குப் பக்கம் ஒரு மாதிரி, காதுப் பக்கம் ஒரு மாதிரி. இதைச் சோதனை லென்ஸ்களைப் போட்டுப் பார்த்துத்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறார்கள். இங்கேதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருகிறது.

முதலில் நான் போன இடத்தில் சோதனை லென்ஸைப் போட்டார்கள், சில நிமிடத்தில் விளக்கு அடித்துப் பார்த்தார்கள், ஆர்டர் எடுத்துக்கொண்டார்கள். வந்த லென்ஸில் பார்வை பிரமாதம். சாயங்காலம் கழற்றினால் வெண்விழியில் வட்டமாக ஒரு பள்ளம், சுற்றிலும் சிவப்பு. திரும்பப் போய்க் கேட்டதற்குப் பழகிவிடும் என்றார்கள். மாற்றிக் கொடுப்பதற்கும் தனிக் கட்டணம் என்றார்கள். இந்த வேலைக்கு அது நியாயமே இல்லை. கஸ்டமர் பீஸ் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால், பழகிவிடும் என்று நாங்கள் பதில் எழுத முடியுமா?

இரண்டாவதாகப் போன இடத்தில் என் கண்ணைப் பார்த்தவர் சின்ன வயது ஆப்டோமெட்ரிஸ்ட் பெண், பார்வையைச் சோதித்து லென்ஸ் பொருத்துகிறவர். அவர் வேலை பார்த்த விதத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். சோதனை லென்ஸில் ஃப்ளோரசீன் சாயம் கலந்த சலைனை நிரப்பிப் போட்டார். நீல வெளிச்சத்தில் அது பச்சையாக ஒளிரும். லென்ஸ் கருவிழியைத் தொடுகிற இடம் இருந்தால் அங்கே மட்டும் கறுப்பாக இருக்கும். எனக்குக் கூம்பின் நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. உடனே கழற்றி, இன்னும் உயரமான லென்ஸைப் போட்டார். இப்போது முழுக்கப் பச்சை. முடிந்தது என்று நினைத்தேன்.

"இல்லைங்க அண்ணா, போய் டீ சாப்பிட்டுட்டு, நிதானமா வாங்க. லென்ஸ் கீழே இறங்கும், இறங்கின பிறகுதான் நிஜ அளவு தெரியும்" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. வெண்விழியின் மேல் இருக்கும் சவ்வு மெத்தென்று இருப்பதால், லென்ஸ் போட்ட சில மணி நேரத்தில் 100 மைக்ரான், அதாவது 0.1 மி.மீ. அளவுக்குக்கூட அமிழும். முதல் நிமிடத்தில் பார்த்த இடைவெளியை நம்பி ஆர்டர் போட்டால் சாயங்காலம் லென்ஸ் கருவிழியில் முட்டும். திரும்பி வந்ததும் ஓசிடி என்ற ஒளி ஸ்கேன் எடுத்தார். கண்ணைக் குறுக்கே அறுத்துப் பார்த்த மாதிரி படம் திரையில் வந்தது: மேலே லென்ஸ், நடுவே கறுப்பாகச் சலைன், கீழே என் மெலிந்த கருவிழி. அமிழ்ந்த பிறகு 200 மைக்ரானை ஒட்டி இடைவெளி இருந்தால் திருப்தி என்றார். அதிகமானாலும் கெடுதல்தான், தண்ணீர்ப் படலம் தடிமனாக ஆக ஆக ஆக்ஸிஜன் குறையும்.

அடுத்து ஓரத்தைப் பார்த்தார். மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்று கண்ணை எல்லாப் பக்கமும் திருப்பச் சொல்லி, லென்ஸின் விளிம்புக்கு அடியில் ஓடும் சின்ன ரத்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே போனார். விளிம்பு அழுத்தினால் அந்த இடத்தில் குழாய் வெளுத்துவிடும். விளிம்பு தூக்கினால் காற்றுக்குமிழி நுழையும், உறுத்தும். எனக்கு ஒரு பக்கம் வெளுத்தது, எதிர்ப்பக்கம் தூக்கியது. அதனால் விளிம்பின் வளைவை இரண்டு திசையிலும் வேறு வேறாக வைத்து, டோரிக் விளிம்பாக ஆர்டர் போட்டார். வந்த லென்ஸிலும் அவருக்குத் திருப்தி இல்லை, மறுபடி மாற்றி வரவழைத்தார். அதற்குப் பணம் கேட்கவில்லை, முதல் தொகையிலேயே அடக்கம்.

அந்த நிராகரித்த லென்ஸைக் கேட்டு வாங்கி வந்து, வேலை முடிந்த நேரத்தில் எங்கள் புரொஜெக்டரில் வைத்துப் பார்த்தேன். குறுக்களவு சீட்டில் எழுதியிருந்ததிலிருந்து 0.05 மி.மீ.கூட விலகவில்லை. 50 மடங்கில் விளிம்பைத் திரைக்குக் கொண்டுவந்தபோது பிசிறு என்று ஒரு புள்ளிகூட இல்லை. உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே உருளலில் வந்து சேர்ந்திருந்தன. வைர முனை வைத்த சிஎன்சி லேத்தில் கடைந்து, பாலிஷ் போட்ட வேலை அது. லேத்தில் ஒரு குறையும் இல்லை. குறை, லேத்துக்குப் போன எண்ணில்தான் இருந்தது. இரண்டாவது முறை எண் சரியாகப் போனது, லென்ஸும் சரியாக வந்தது.

பார்வை 6/36இலிருந்து (மற்றவர்களுக்கு 36 மீட்டரில் தெரிவது எனக்கு 6 மீட்டரில்தான் தெரியும் என்ற நிலை) 6/9க்கு வந்திருக்கிறது. குறுக்குக்கோடு ஒரே கோடு. இரவில் அவினாசி ரோட்டில் ஒரு வண்டிக்கு இரண்டே ஹெட்லைட். கிரைண்டிங் தூசி பறந்தாலும் கண் கலங்குவதில்லை, லென்ஸுக்கு அடியில் போக அதற்கு வழியில்லை. பாதுகாப்புக் கண்ணாடி மேலே போட்டுக்கொள்வது தனி, அதை விடக் கூடாது.

தொந்தரவுகளும் உண்டு. போடுவதற்குத் தலையைக் குனிந்து முகத்தைத் தரைக்கு நேராக வைக்க வேண்டும். பிளஞ்சர் என்ற சின்ன ரப்பர் உறிஞ்சியில் லென்ஸை நிறுத்தி, சலைனைத் தளும்பத் தளும்ப ஊற்றி, கண்ணைப் பார்த்து மேலே கொண்டுவர வேண்டும். குமிழி மாட்டினால் கழற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலை ஷிஃப்ட்டுக்கு ஓடுகிறவர்களுக்கு இது எரிச்சல்தான். கழற்றும்போது பிளஞ்சரை நடுவில் ஒட்டவே கூடாது, உறிஞ்சும் வேகம் கருவிழியையும் இழுக்கும். கீழ் விளிம்புக்கு அருகில் ஒட்டி மெல்ல நெம்ப வேண்டும்.

மதியத்துக்கு மேல் புகை படிந்த மாதிரி மங்குவது இன்னொரு குறை. அடியில் இருக்கும் சலைனில் கண்ணின் கசடு சேர்வதால் வருகிறது. கழற்றிப் புது சலைன் நிரப்பிப் போட்டால் போய்விடும். எனக்கு வெயில் காலத்தில் அதிகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதற்கென்று ஒரு சுத்தமான இடம் தேடுவது வொர்க்ஷாப்பில் லேசான காரியம் இல்லை.

செலவு ஒரு கண்ணுக்கு 25,000 ரூபாய் ஆனது. அதோடு பிரிசர்வேட்டிவ் இல்லாத சின்னக் குப்பி சலைன், லென்ஸைச் சுத்தம் செய்யும் பெராக்சைடு கரைசல் என்று மாதச் செலவு தொடர்ந்து உண்டு. திறந்த சலைன் குப்பியை மறுநாளுக்கு வைக்காதீர்கள். பெராக்சைடு டப்பாவில் இருக்கும் பிளாட்டினத் தட்டு அதை நடுநிலையாக்க குறைந்தது 6 மணி நேரம் வேண்டும், அதற்கு முன் எடுத்துக் கண்ணில் வைத்தால் வெந்துபோகும். குழாய்த் தண்ணீர் லென்ஸின் பக்கமே வரக் கூடாது. சிறுவாணித் தண்ணீராக இருந்தாலும் கூடாது. அகாந்தமீபா என்ற கிருமி தண்ணீரில் வாழ்கிறது, கருவிழியைத் தின்றுவிடும். போட்டுக்கொண்டு தூங்கவும் கூடாது. கருவிழி மாற்று அறுவை செய்தவர்கள் மருத்துவரிடம் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். சோதனை லென்ஸைப் போட்டு எவ்வளவு நேரம் உட்கார வைப்பீர்கள்? பொருந்தவில்லை என்றால் மாற்றித் தருவது இந்தத் தொகையிலேயே அடக்கமா? கடைசி லென்ஸ் கைக்கு வந்ததும் அதன் அளவுச் சீட்டையும் வாங்கி வையுங்கள்: குறுக்களவு, உயரம், விளிம்பின் இரண்டு வளைவு, பவர். லென்ஸ் கீழே விழுந்து உடைந்தாலோ, வேறு ஊருக்கு மாறிப் போனாலோ, அந்த எண்களை வைத்து அடுத்தவர் வேலையைத் தொடங்கலாம்.