நெடுந்தீவா, மணற்காடா, கீரிமலையா?

"ஒரு நாளைக்காவது போனை நிப்பாட்டிப்போட்டு எங்கையாவது போய் இருக்கவேணும்" என்று யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் நெடுந்தீவைத்தான் காட்டுவார்கள். கடல் தாண்டிய தீவு, குதிரை, பழைய கோட்டை, சனம் குறைவு. வேறென்ன வேணும் என்பார்கள். நானும் நம்பித்தான் போனேன். திரும்பி வந்து பார்த்தால் போனில் 214 படம்.

பிழை தீவில் இல்லை. அங்கே பார்ப்பதற்கு அவ்வளவு இருக்கிறது. பவளக்கல்லை அடுக்கிய வேலிகள், ஒல்லாந்தர் கோட்டை என்று சொல்லப்படும் இடிபாடு, ஆபிரிக்க இனமான பெருக்குமரம், வெட்டையில் மேயும் கட்டாக்காலிக் குதிரைகள். ஒவ்வொன்றும் 'என்னை எடு' என்று நிற்கும். ஓட்டோ பிடித்தால் எல்லாவற்றையும் ஓடி ஓடிக் காட்டி, திரும்புகிற படகுக்கு நேரமாச்சு என்று இறங்குதுறையில் விட்டுவிடுவார்கள். நேரம் பார்க்கவும் அதே போன்தான்.

அந்தப் பயணத்தில் மனம் ஆறிய இடம் ஒன்றுண்டு: குறிகட்டுவானிலிருந்து தீவுக்குப் போகிற ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் படகோட்டம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் படகு ஆடுகிற ஆட்டத்துக்கு ஒரு கை பிடிமானத்தில், மற்றக் கை உப்புத்தண்ணியைத் துடைப்பதில். போன் தானாகவே பைக்குள் போய்விடும். தீவைவிடப் படகு நல்லது என்று சொன்னால் நெடுந்தீவார் கோபிப்பார்கள். என்ன செய்ய, உண்மை அதுதான்.

மணற்காடு இதற்கு நேர்மாறு. பருத்தித்துறையைத் தாண்டி வடமராட்சி கிழக்குப் பக்கம் போனால் வரும். மணல்மேடுகள், சவுக்கங்காடு, மணல் மூடிய பழைய தேவாலயத்தின் மிச்சச் சுவர்கள், கடல். கால் மணித்தியாலத்தில் பார்த்து முடித்துவிடலாம். அதற்குப் பிறகுதான் அந்த இடம் வேலை செய்யத் தொடங்கும். சவுக்கு நிழலில் இருந்தால் எது கடலின் இரைச்சல், எது மரத்தின் இரைச்சல் என்று பிரிக்கத் தெரியாது. நடந்து வந்த கால்தடத்தைக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக மூடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சார்ஜ் போடுகிற ஓட்டைக்குள் மணல் போய்விடும் என்ற பயத்தில் போனை வெளியே எடுக்கவும் மனம் வராது.

விடியப் போய்விடுங்கள், வெயில் ஏறினால் மணல் கால் வைக்க விடாது. தண்ணியும் சாப்பாடும் கையோடு கொண்டுபோவது புத்தி. கடலில் தனியே இறங்க வேண்டாம். அது காரைநகர் கசூரினாவைப் போலத் தூரம்வரை ஆழமில்லாத கடல் அல்ல. (கசூரினாவை இந்தக் கணக்கிலேயே நான் எடுக்கவில்லை. லீவு நாளில் அங்கே போனால் மற்றவர்களின் பாட்டைத்தான் கேட்கவேண்டும்.) இன்னொன்று: 2004 சுனாமி அடித்துப்போன கரை அது. ஆரவாரம் இல்லாமல் இருந்துவிட்டு வருவதுதான் மரியாதை.

கீரிமலை அரை நாள் லீவும் கிடைக்காதவர்களுக்கு. கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர்க் கேணி. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. கழுத்தளவு தண்ணியில் நிற்கிறவன் போனுக்கு என்ன செய்வான்? ஆனால் தலை துவட்டியதும் கை மறுபடி பைக்குள் போய்விடும். அரை மணித்தியாலத்துக்கு மேல் அந்தக் குளிர்ச்சி நிற்காது. ஆடி அமாவாசையில் போனால் அதுவும் இல்லை. பிதிர்க்கடன் செய்ய வரும் சனத்துக்குள் நெரிபடத்தான் சரி.

அம்மாவுக்கு இந்த மூன்றுமே வீண்செலவு. "வளவில வேப்பமரம் நிக்குது, கிணத்தில தண்ணி கிடக்குது, அதுக்குக் கீழ கதிரையைப் போட்டு இரு" என்பார். 90களில் வருசக்கணக்காகக் கரண்ட் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோவில் செய்தி கேட்ட தலைமுறை. கரண்ட் இருக்கும்போதே அதை விட்டு ஓடுகிறவனைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். வேப்பமரத்தடியில் இருந்தும் பார்த்தேன். எங்கள் வீட்டு வைஃபை மரத்தடிவரை நன்றாக வருகிறது.

ஆகவே கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ விருந்தாளி வந்தால் நெடுந்தீவு; அதை ஓய்வு என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்கென்று ஒரு காலைப்பொழுது கிடைத்தால் மணற்காடு.

ஒரு முன்னேற்பாடு தேவை. முதல்முறை மணற்காட்டுக்குப் போனது ஒரு ஞாயிறு விடிய. ரொறன்ரோவில் அப்போது சனி இரவு, சித்தி ஆறுதலாகக் கதைக்கிற நேரம். என் போன் நிப்பாட்டியிருக்கவே அம்மாவுக்கு எடுத்து, மாமாவுக்கு எடுத்து, பக்கத்து வீட்டுக்கும் எடுத்திருக்கிறா. நான் மத்தியானம் வந்து சேர, படலையடியில் நாலு பேர் நின்றார்கள். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமையே சித்திக்குச் சொல்லிப்போடுவேன்.