ஏழு ஆண்டுகளாகப் படத்தோடு மூன்று வரி

பயணத்தில் எடுக்கும் நிலக்காட்சிப் படங்களோடு குறுங்கவிதை சேர்த்து வைக்கும் பழக்கம் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் செய்தவற்றை இப்போது எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பிரித்துவிடத் தோன்றுகிறது. படங்கள் மோசமில்லை, வரிகளும் தனியாகப் படித்தால் பரவாயில்லை. சேர்த்து வைத்ததுதான் தவறு. கண் முன்னால் இருப்பதையே கவிதை திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு ஏரிப் படம். விடியலுக்குச் சற்று முன்பு, தண்ணீர் மேல் பனி, கரையோரம் கட்டிய ஒரு படகு. வீட்டுக்கு வந்து, கணினித் திரையில் படத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு எழுதியது இது:

பனி மூடிய ஏரி
கரையில் ஒற்றைப் படகு
எங்கும் மௌனம்

மூன்று வரியில் இரண்டு, படத்தில் அப்படியே இருக்கின்றன. மூன்றாவது வரி பொய். அது பொய் என்று எனக்குத் தெரிந்ததே ஓராண்டு கழித்துத்தான். அன்றைக்கு அங்கே நின்றபடி கைப்பேசியில் அரை நிமிடம் ஒலி பதிந்து வைத்திருந்தேன், மறந்தும் போயிருந்தேன். திரும்பக் கேட்டபோது பனிக்குள் எங்கிருந்தோ துடுப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அங்கே மௌனமே இல்லை. படத்தைப் பார்த்து எழுதியதால் படத்தின் மௌனத்தை ஏரியின் மேல் ஏற்றிவிட்டிருந்தேன். அன்றிரவே மாற்றினேன்:

கண்ணுக்கு எட்டாத துடுப்பு
கட்டிக் கிடக்கும் படகும்
மெல்ல அசைகிறது

அதே படம்தான். ஆனால் இப்போது பார்ப்பவர் பனிக்குள் எதையோ தேடுகிறார்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு விளக்கம் நம் திணை மரபிலேயே இருக்கிறது. தொல்காப்பியம் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள மரம், பறவை, விலங்கு, தொழில் எல்லாம் கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், ஊடல், இரங்கல் முதலிய மனநிலைகள் உரிப்பொருள். சங்கக் கவிஞர் மூன்றையும் சொல்லால் கட்ட வேண்டியிருந்தது. குறுந்தொகையில் பெரும்பாலான பாடல்கள் நான்கு முதல் எட்டு அடிக்குள் அத்தனையையும் அடக்கிவிடுகின்றன. கேமரா வைத்திருப்பவருக்கு முதலும் கருவும் சொடுக்கும் நொடியிலேயே வந்துவிடும். உரிக்குத்தான் சொல் வேண்டும். படம் நிலத்தையும் பொழுதையும் பார்த்துக்கொள்ளட்டும், வரி நெஞ்சைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பிரித்துக்கொண்ட பிறகே என் படம்–கவிதை இணைகள் தேறத் தொடங்கின. அதற்காக ‘தனிமை’, ‘ஏக்கம்’ என்று நேரே எழுதிவிடவும் கூடாது. உரிப்பொருள் பெயர் சொல்லாமல் வரும்போதுதான் தைக்கும்.

களத்தில் என் பழக்கம் இதையொட்டி மாறியது. எடுத்த படத்தைக் கேமராவின் திரையில் பார்ப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் குறித்துக்கொள்வேன்: என்ன கேட்டது, என்ன மணந்தது, படத்தின் சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது. திரையைப் பார்த்துவிட்டால் கண் நினைவைத் தின்றுவிடுகிறது. குறிப்பெடுக்கப் பென்சில்தான். மை எழுத்து ஒரு மழையில் முழுக்கக் கரைந்து, நான்கு நாள் குறிப்பு போனது இன்னும் வருத்தம் தருகிறது. கைப்பேசியில் குறிப்பது வேகம், ஆனால் அதைக் கையில் எடுத்தாலே வேறு பத்து வேலை வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒலி பதிவுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன்.

சட்டகத்துக்கு வெளியே இருந்ததைக் குறிப்பதன் பலன் ஒரு வற்றிய நீர்த்தேக்கத்தில் தெரிந்தது. அடிவானம் வரை வெடித்த சேறு. நடுவே துருப்பிடித்த ஓர் எச்சரிக்கைப் பலகை, அதன் காலடியில் ஓர் ஆடு. யாராக இருந்தாலும் அந்தப் பலகையைத்தான் எடுப்பார்கள், நானும் எடுத்தேன். நல்ல படம், ஆனால் அதற்கு எழுத எதுவும் மிச்சமில்லை. கடைசியில் பலகையும் ஆடும் இல்லாத, வெறும் வெடிப்பு மட்டுமே இருந்த மற்றொரு படத்தை எடுத்து, அதன் கீழே இதை வைத்தேன்:

‘ஆழம் அதிகம்’
பலகையின் நிழலில்
ஆடு உறங்குகிறது

தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலை வடிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம். அந்தச் சேற்றில் நின்றபோது அது புரிந்தது. ஏரி இருந்த இடம் என்பதை எந்த லென்ஸாலும் காட்ட முடியாது. இரண்டு சொல் போதும்.

இணை தேறியதா என்று பார்க்க எனக்கு அக்காதான் துணை. படத்தைக் காட்டாமல் தொலைபேசியில் வரிகளை மட்டும் வாசிப்பேன். “என்னடா, ஏரிக்கரைப் படமா?” என்று உடனே கேட்டுவிட்டால் வரி படத்தையே நகல் எடுத்திருக்கிறது என்று பொருள். ஒரு மலைப்பாதைக்கு எழுதியதை வாசித்தேன்:

இறங்கி வருபவரிடம் கேட்டேன்
இன்னும் எவ்வளவு தூரம்?
சிரித்துவிட்டுப் போகிறார்

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப டாக்டர்கிட்ட நாம கேட்டோமே, அதுவா?” என்றாள். படத்தில் மேகத்துக்குள் மறையும் கற்படிகள் மட்டுமே இருந்தன. அந்த இணையை நான் இதுவரை மாற்றவில்லை.

ஜப்பானிய மரபில் ஓவியமும் ஹைக்கூவும் ஒரே தாளில் அமைவதை ‘ஹைகா’ என்பார்கள். யோசா பூசோன் (1716–1784) ஓவியராகவும் கவிஞராகவும் இருந்து அதில் சிறந்தவர். அங்கேயும் கவிதைக்கு ஓவியம் விளக்கப்படமாக அமைய வேண்டியதில்லை. ஹைக்கூ முன்னோடியான பாஷோவின் வழியினர் தொடர்கவிதையில் அடுத்தடுத்த பாடல்களை ‘மணத்தால்’ இணைப்பதைப் பற்றிப் பேசினார்கள். பொருள் ஒட்ட வேண்டாம், ஒன்றின் வாசம் மற்றொன்றில் வீசினால் போதும். இதைப் படித்த பிறகு ஒரு பயணத்தின் வரியை வேறு பயணத்தின் படத்தோடு வைத்துப் பார்க்கத் துணிந்தேன். ரயில் நிலையத்தில் எழுதிய ஒரு வரி கடலோரப் பாறையோடு கச்சிதமாக அமர்ந்தது. நேர்மைக் குறைவு என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். செய்திப் படமாக இருந்தால் அவர்கள் சொல்வது சரி. இங்கே நாள், இடம் போட்டுச் சான்று எதுவும் நான் தரவில்லை.

அசை எண்ணிக்கையில் நான் மெனக்கெடுவதில்லை. ஜப்பானிய 5-7-5 அந்த மொழியின் ஒலியலகுக்கு ஏற்ற கணக்கு. தமிழில் வலிந்து கொண்டுவந்தால் வேற்றுமை உருபுகளை வெட்ட வேண்டி வருகிறது. 1916-இல் பாரதி ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோது வியந்தது அதன் சுருக்கத்தைத்தான். அந்தச் சுருக்கம் வந்தால் போதும்.

எழுத்தைப் படத்தின் மேலேயே பொறிப்பதை மூன்றாம் ஆண்டில் நிறுத்திவிட்டேன். நான் முதலில் பயன்படுத்திய படத் திருத்தச் செயலியில் தமிழ் உடைந்தது. ‘கொ’ என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். தெற்காசிய எழுத்துகளைக் கோக்கும் வசதி உள்ள செயலியில் அந்தச் சிக்கல் இல்லை. வாங்கும் முன் ‘கொக்கு’, ‘ஸ்ரீ’, ‘மௌனம்’ மூன்றையும் தட்டிப் பாருங்கள். எழுத்து சரியான பிறகும் வேறொரு தொல்லை இருந்தது. எழுத்து கண்ணில் பட்டதும் மனம் வாசிக்கப் போய்விடுகிறது, நிலம் வெறும் பின்னணித் துணியாகிவிடுகிறது. மேலே பொறிக்கத்தான் வேண்டுமென்றால் எடுக்கும்போதே வானத்திலோ மணலிலோ வெற்றிடம் விட்டு எடுக்க வேண்டும். பிறகு தேடினால் கிடைக்காது.

அச்சில் எனக்குப் பிடித்தது எதிரெதிர்ப் பக்கங்கள்: இடப்பக்கம் வரி, வலப்பக்கம் படம். திரையில் வரியை முதலில் காட்டி, தள்ளினால் படம் வரும்படி வைக்கிறேன். படம் முதலில் வந்தால் பெரும்பாலோர் வரிக்குப் போவதே இல்லை.

இப்போது அச்சுக்குத் தயாராகும் தொகுப்பில் 42 படங்கள் இருக்கின்றன, கவிதை 41. ஒரு மணல்மேட்டின் முகட்டில் காற்று அழித்துக்கொண்டிருந்த காலடித் தடங்கள், மாலை வெளிச்சத்தில் எடுத்தது. நான்கு ஆண்டுகளாக அதற்கு எழுதிப் பார்க்கிறேன். அன்றைய குறிப்பில் மூன்றாவது கேள்விக்கு நேரே, ‘என் பின்னால் யாரோ நடந்து வந்தார்கள், திரும்பிப் பார்க்கவில்லை’ என்று மட்டும் இருக்கிறது. அதைக் கவிதையாக்கும் ஒவ்வொரு முயற்சியும் அதைவிடக் குறைந்தே போகிறது. இடப்பக்கத்தில் அந்தக் குறிப்பையே, பென்சில் எழுத்தில் இருந்தபடி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.