புல்வெட்டி வண்டி வழுக்கினால்: காற்றா, தண்ணீரா, இரும்பா, டயரா?

வடசென்னை மணலியில் ஒரு தொழிற்சாலை வளாகத்தின் தோட்டப் பராமரிப்பை எடுத்துச் செய்கிறோம். நாலு ஏக்கர் புல்வெளி, நடுவில் ஒரு மழைநீர்க் குட்டை, அதைச் சுற்றிச் சரிவான கரை. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒன்று இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் போதும், ஓட்டுகிற தம்பியிடமிருந்து போன் வந்துவிடும்: "அண்ணா, வீல் சும்மா சுத்துது, வண்டி நகரவே மாட்டேங்குது."

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டோம்.

முதலில் ஒரு சோதனை. பின் டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள். கோடு சுற்றுகிறது, வண்டி நிற்கிறது என்றால் பிடிமானக் கோளாறு. கோடே அசையவில்லை என்றால் டயரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. டிரைவ் பெல்ட் தேய்ந்து வழுக்கலாம், அச்சில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சாவி உடைந்திருக்கலாம், வண்டியைத் தள்ளுவதற்காக இழுத்துவிட்ட பைபாஸ் லீவரை யாரோ திரும்பப் போடாமல் விட்டிருக்கலாம். எங்களுக்கு ஒருமுறை லீவர்தான். அரை நாள் வேலை போச்சு.

சரி, சக்கரம்தான் சுற்றுகிறது. பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் சுற்றும். இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகிற பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். சாதாரண வண்டிகளில் அதற்குப் பூட்டு கிடையாது. எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ, சுழற்சியெல்லாம் அந்தப் பக்கமே போய்விடும். ஈரத்தில் நிற்கிற சக்கரம் ஆட்டம் போடும், காய்ந்த தரையில் நிற்கிறது வேடிக்கை பார்க்கும்.

செலவில்லாத வைத்தியம் காற்றைக் குறைப்பது. பஞ்சர் கடையில் பைக் டயருக்கு வைப்பதுபோல 25, 30 என்று அடித்து அனுப்பிவிடுகிறார்கள். இந்த வண்டியின் பின் டயருக்குப் பொதுவாக 10 முதல் 14 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) போதும். சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். கணக்கு எளிது. ஒரு சக்கரத்தின் மேல் 100 கிலோ, அதாவது சுமார் 220 பவுண்டு இருக்கிறது என்று வையுங்கள். 24 பி.எஸ்.ஐ.யில் தரையைத் தொடுகிற பரப்பு சுமார் 9 சதுர அங்குலம், விரல்களை மடக்கினால் மிஞ்சுகிற உள்ளங்கை அளவு. 12-க்கு இறக்கினால் அது இரண்டு மடங்கு. எண்ணூர்ப் பக்கத்து மணல் தரையில் இந்த ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். மணலில் டயர் புதையாமல் மேலே மிதக்கும். ரொம்பவும் இறக்கிவிட்டால் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இல்லாவிட்டால் வெட்டுத் தட்டு சாய்ந்து, புல்லில் படிக்கட்டு விழும்.

காற்றைச் சரிசெய்தும் வழுக்கினால் எடை ஏற்ற வேண்டும். இங்கேதான் உண்மையான போட்டி, தண்ணீருக்கும் இரும்புக்கும்.

குளிர் நாடுகளில் டயருக்குள் வெறும் தண்ணீர் ஊற்ற முடியாது, உறைந்துவிடும். அதனால் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஊற்றுவார்கள், அது ரிம்மைத் தின்னும். சென்னையில் அந்தத் தொல்லை இல்லை. வால்வை உச்சியில் நிறுத்தி, அதன் ஊசியைக் கழற்றிவிட்டு, உயரத்தில் வைத்த கேனிலிருந்து குழாய் வழியாக விட்டால் கொள்ளளவில் முக்கால் பங்கு வரை நிரம்பும். 20 அங்குல உயரம், 8 அங்குல அகலம், 8 அங்குல ரிம் உள்ள டயரில் ஏறக்குறைய 17 லிட்டர் பிடிக்கும். பக்கத்துக்கு 17 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை தரையை ஒட்டியே இருப்பதால் வண்டி தள்ளாடாது.

ஆனால் எந்தத் தண்ணீர்? மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையையே 2010-இல் அங்கே கொண்டுவந்தார்கள். அந்த போர் தண்ணீரை டியூப் இல்லாத டயரில் ஊற்றினால், நாமே உப்புக் கரைத்து ஊற்றிய மாதிரிதான். முதல் தடவை நாங்கள் அதைத்தான் செய்தோம். அடுத்த வருஷம் டயரைக் கழற்றினால் ரிம்மின் உள்பக்கம் பழைய முறுக்கு மாதிரி உதிர்ந்தது. இப்போது டியூப் போட்டு, மெட்ரோ வாட்டர் ஊற்றுகிறோம்.

இரும்பு எடைக்குத் துருப் பயம் குறைவு, வேண்டாத பருவத்தில் கழற்றியும் வைக்கலாம். ரெடிமேட் தட்டு இங்கே கிடைப்பது அபூர்வம். வடசென்னையில் ஜிம்முக்கா பஞ்சம்? பழைய 20 கிலோ தட்டு இரண்டு வாங்கி, ரிம்மில் துளை போட்டு நீள போல்ட்டால் இறுக்கிவிடலாம். லேத் பட்டறையில் ஒரு மணி நேர வேலை. நட்டு தளர்கிறதா என்று வாராவாரம் பார்க்க வேண்டும். வெளியே துருத்தும் தட்டு மரத்தின் அடியையும் நடைபாதை ஓரக் கல்லையும் உரசிக்கொண்டே போகும். அதனால்தான் நான் தண்ணீர்க் கட்சி.

ஒரு எச்சரிக்கை இரண்டுக்கும் பொது. சின்ன வண்டியின் ஹைட்ரோ டிரான்ஸ்மிஷன், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு, அவ்வளவு பலசாலி இல்லை. சக்கரம் வழுக்குவது ஒரு வகையில் அதற்குப் பாதுகாப்பு. எடையை ஏற்றிக்கொண்டே போனால் உள்ளே எண்ணெய் சூடேறி, ஏற்றத்தில் இழுவை போய்விடும். தண்ணீரோடு இரும்பையும் சேர்க்காதீர்கள்.

சீட்டுக்குப் பின்னால் மணல் மூட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வேண்டாம். எடை உயரத்தில் போய் உட்காரும், ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கும்.

டயரை மாற்றலாமா என்றால், டிராக்டர் மாதிரி பெரிய பட்டை வைத்த டயர் சேற்றில் நன்றாகவே இழுக்கும். அதே பட்டை திரும்பும்போதெல்லாம் கொரியன் புல்லை வேரோடு கிளப்பிவிடும். புல்வெளிக்காக வாங்கிய வண்டியால் புல்வெளியை உழுவதா? வெறும் காட்டுப்புல் மைதானம் என்றால் தாராளமாகப் போடுங்கள். மற்றபடி, தேய்ந்த டர்ஃப் டயருக்கு (புல்லைக் கிளப்பாத சின்னப் பட்டை டயர்) புது டர்ஃப் டயரே போதும். அதுவும் உடனே கிடைக்காது. எம்.ஆர்.எஃப். 1946-இல் பலூன் பட்டறையாகத் தொடங்கிய திருவொற்றியூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த ஊர்க் கடைகளில் இந்த அளவைச் சொன்னால் குழந்தை வண்டிக்கா என்கிறார்கள்! டயரைச் சுற்றிக் கட்டும் சங்கிலி பெரும்பாலும் உறைபனிக்கானது, நமக்குத் தேவையில்லை.

கரைச் சரிவுக்கு மட்டும் இதில் எதையும் நான் நம்புவதில்லை. பல கையேடுகள் 15 டிகிரிக்கு மேல் போகாதே என்கின்றன, அதுவும் காய்ந்த புல்லில். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் அதே பின் சக்கரங்கள்தான். அவை வழுக்கினால் பிரேக்கும் போனது, ஸ்டியரிங்கும் பேருக்குத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு, ஈரம் காயட்டும் என்று பத்து நாள் பொறுத்தும், வண்டி கரையிலிருந்து குட்டையைப் பார்த்து மூன்றடி சறுக்கியது. இரண்டு டயரிலும் தண்ணீர் நிறைந்திருந்தது, காற்றும் 12-தான். தம்பி இறங்கி வந்து அரை மணி நேரம் யாரிடமும் பேசவில்லை. அன்றிலிருந்து கரைப் புல்லுக்குத் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர்தான். நாலு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, பில்லில் அதைத் தனி வரியாகப் போட்டுவிடுகிறேன்.