பூங்கா நடைபாதையை நீட்டிக்க இரண்டு அமெரிக்க மானியங்கள்: எது தோது?

பூங்காப் பாதையை இன்னும் ஒரு மைல் நீட்ட நினைக்கும் அமெரிக்க நகராட்சிக்கு, முதலில் ‘ரெக்ரியேஷனல் டிரெயில்ஸ் புரோகிராம்’ (பொழுதுபோக்குப் பாதைகளுக்கான மத்திய அரசு மானியம்) என்பதே என் பரிந்துரை. பொதுவாகச் செலவில் 80 விழுக்காடு வரை தருகிறது. பழைய பாதையைச் செப்பனிடவும் பணம் உண்டு. ‘லேண்ட் அண்ட் வாட்டர் கன்சர்வேஷன் ஃபண்ட்’ (நில, நீர் பாதுகாப்புக்கான மத்திய அரசு நிதி) தருவது செலவில் பாதிதான், பராமரிப்புக்கு ஒன்றும் கிடையாது. இரண்டுக்கும் மாநில அரசு வழியாகத்தான் விண்ணப்பம்.

இரண்டிலும் பெரிய குறை, பொதுவாக நகராட்சி முதலில் கைக்காசு போட்டு, பில் காட்டிப் பிறகே திரும்பப் பெற வேண்டும். ஒப்புதல் வருமுன் மண் வெட்டினால் அந்தச் செலவு பெரும்பாலும் போனதுதான். சிறிய ஊர்கள் இங்கேதான் திணறுகின்றன. நகராட்சியின் பங்கில் ஒரு பகுதியைத் தன்னார்வலர் உழைப்பாகவும் காட்டலாம்; வருகைப் பதிவேட்டில் தேதி, மணிநேரம், கையெழுத்து மூன்றும் இருக்கட்டும்.

இரண்டாவது நிதியில், மானியம் பெறும் பூங்காவின் எல்லை வரைபடத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். கோட்டுக்குள் வரும் நிலம் என்றென்றைக்கும் வெளிப்புறப் பொழுதுபோக்குக்கே. பின்னால் அங்கே தீயணைப்பு நிலையம் கட்ட வேண்டுமானால், குறைந்தது அதே சந்தை மதிப்பும் அதற்கீடான பயனும் உள்ள மாற்று நிலம் கொடுத்து, மத்திய அரசின் தேசியப் பூங்கா சேவையின் ஒப்புதலும் பெற வேண்டும். பூங்கா நிலம் கைமாறாமல் காக்கும் இந்த விதி மிக நல்லது. ஆனால் குழாய் பதிக்கவும் சாலையை அகலப்படுத்தவும் தேவைப்படும் ஓரத்தை, விண்ணப்பிக்கும்போதே மாநில அதிகாரியிடம் பேசி அந்தக் கோட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.