மளிகைக் கடைக் கணக்கும் கூகுள் ஷீட்ஸும்: சில வருட அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்களுடையது சின்ன மளிகைக் கடை. விற்பனை, கொள்முதல், லாபம் எல்லாவற்றையும் சில வருடங்களாக கூகுள் ஷீட்ஸில்தான் போட்டு வருகிறேன். பில்லிங் சாஃப்ட்வேர் விற்க வந்தவர்கள் வருஷா வருஷம் பணம் கட்டச் சொன்னதால் அந்தப் பக்கமே போகவில்லை. இது இலவசம், போனிலேயே ஓடுகிறது.

ஒவ்வொரு பாக்கெட்டையும் விற்கும்போதே ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. சாயங்காலக் கூட்டத்தில் தராசைப் பார்ப்பதா, போனைப் பார்ப்பதா? இரவு ஷட்டரை இறக்கிவிட்டு கல்லாப் பணம், ஜிபே, கடன், வீட்டுக்கு எடுத்த சாமான் என்று நாலு கட்டத்தை நிரப்பினால் அன்றைய வியாபாரம் வந்துவிடும். முதலில் ஷீட்டின் செட்டிங்ஸில் நாட்டை இந்தியா என்று மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்கா என்றிருந்தால் மே 3-க்காக அடிக்கும் 3/5, மார்ச் 5 ஆகிவிடும்.

ஷீட் உண்மையில் உதவுவது அடக்க விலையில்தான். 26 கிலோ அரிசி மூட்டை 1,430 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 55, 60-க்கு விற்றால் 5 ரூபாய் லாபம் என்று மனக்கணக்கு சொல்லும். வண்டிக்கூலி 20 சேர்த்து, சில்லறையாக நிறுத்துப் போடும்போது சிந்துவது, கூடுதலாக விழுவது என அரைக் கிலோவைக் கழித்துப் பாருங்கள். 1,450-ஐ 25.5-ஆல் வகுத்தால் அடக்கம் 56.86. கையில் நிற்பது 3 ரூபாய் சொச்சம்தான். கவர் செலவு தனி. இந்த ஒரு சூத்திரத்தைப் போட்ட பிறகு லூஸ் சாமான் எல்லாவற்றுக்கும் விலையைத் திருத்த வேண்டியதாயிற்று.

கொள்முதல் தேதிவாரியாக இருப்பதால் மண்டித் தெருவில் பேரம் பேசவும் வசதி. "இன்னாண்ணா, போன மாசத்து ரேட்டெல்லாம் கையிலயே வெச்சிங்கீறீங்க!" என்று கடைக்காரப் பையனே சலித்துக்கொள்கிறான்.

குறை இல்லாமல் இல்லை. விற்பனையைப் பொருள்வாரியாக ஏற்றி, விலைப்பட்டியலைத் தனி ஷீட்டில் வைத்து விலுக்கப் (VLOOKUP, பொருளின் பெயரைத் தேடி விலையை எடுத்துவரும் சூத்திரம்) மூலம் இழுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியதே, அப்போது பட்டியலில் புது விலையை அடித்தால் ஆகஸ்ட்டில் விற்றதற்கும் அதே விலை ஏறிக்கொள்ளும், பழைய லாபக் கணக்கெல்லாம் மாறிப்போகும். அதனால் மாதம் முடிந்ததும் அந்த வரிசைகளை காப்பி செய்து, 'மதிப்பு மட்டும்' ஒட்டிவிட வேண்டும். விலை மாறுகிற அன்றும் அப்படித்தான். பில்லிங் சாஃப்ட்வேரில் இந்தத் தொல்லை இருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

லாப சதவீதத்திலும் ஒரு குழப்பம் வரும். 80-க்கு வாங்கி 100-க்கு விற்றால் அசலுக்கு 25, விற்பனைக்கு 20. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் விற்பனைக்குத்தான் பார்க்கிறேன். வாடகையும் கரண்ட் பில்லும் கல்லாவிலிருந்துதானே போகிறது.

கடனில் அன்றைய மொத்தம் மட்டும்தான் ஷீட்டில். ஆள்வாரிக் கணக்கு இன்னும் நோட்டில்தான் இருக்கிறது. வாங்குபவர் எதிரிலேயே எழுதி, அவரே பார்த்துத் தலையாட்டினால்தான் மாதக் கடைசியில் தகராறு வராது.