அறிவினாவா, அறியா வினாவா? தமிழ் வகுப்புல எதைக் கேக்குறது

நன்னூல் சொல்ற 6 வகை வினாவை பத்தாவது பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நடத்துறேன். பதில் தெரிஞ்சுக்கிட்டே கேக்குறது அறிவினா, தெரியாம தெரிஞ்சுக்கிறதுக்காகக் கேக்குறது அறியா வினா. அறிவினாவுக்கு நாங்க எல்லாருமே சொல்ற உதாரணம் ஆசிரியர் மாணவர்கிட்ட கேக்குறது, அறியா வினாவுக்கு மாணவர் ஆசிரியர்கிட்ட கேக்குறது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என்னோட ஒரு பீரியடை போன்ல ரெக்கார்ட் பண்ணி வீட்டுல உக்காந்து கேட்டேன். 40 நிமிஷத்துல 52 கேள்வி கேட்டிருக்கேன், அதுல எனக்கே பதில் தெரியாத கேள்வி ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணு "ஜன்னலை யாரு திறந்தது?"

அதுக்கப்புறம்தான் மாத்த ஆரம்பிச்சேன். ராமநாதபுரம் கடலோரத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி, 31 பிள்ளைக, முக்கால்வாசி வீட்டுல கடல் தொழில். ரெண்டு வகையையும் மாத்தி மாத்திக் கேட்டுப் பாத்ததுல என் மனசு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு மறைக்கப் போறதில்ல, அறியா வினா பக்கம்தான்.

மத்த நாலையும் சட்டுனு சொல்லிடுறேன். "வீட்டுப்பாடம் எழுதிட்டியா?"ங்கிறது எங்க வாயில வந்தா பெரும்பாலும் ஏவல் வினா, எழுதலன்னா எழுதுன்னு அர்த்தம், வகுப்பை நடத்த அது வேணும். ஒண்ணை வாங்கிக்கக் கேக்குற கொளல், குடுக்கிறதுக்காகக் கேக்குற கொடை எல்லாம் பேனா நோட்டு விஷயம். ஐய வினா இலக்கணத்துல நல்லா பயன்படும், இது வினைத்தொகையா பண்புத்தொகையான்னு கேட்டா பிள்ளைக யோசிக்கும். இன்னொண்ணு இருக்கு, "புரிஞ்சுதா?" அதுக்கு 31 பேரும் ஒரே குரல்ல "புரிஞ்சுதும்மா"ன்னு சொல்வாங்க, அதை வச்சு யாருக்குப் புரிஞ்சதுன்னு எதுவும் தெரியாது. நான் அதைக் கேக்குறதையே விட்டுட்டேன்.

அறிவினாவை குறைச்சு சொல்ல மாட்டேன். பப்ளிக்ல 100 மார்க்குல 15 ஒரு மார்க் கேள்வி, அதுக்கு அறிவினாவை விட்டா வழி இல்ல. முந்தின நாள் நடத்துனது நிக்குதான்னு ரெண்டு நிமிஷத்துல பாத்துடலாம், பயந்த பிள்ளைக்கு ஒரு வார்த்தைல பதில் சொல்லி தைரியம் வரும், போர்ஷனும் ஓடும். ஆனா அதுல ஒரு பழக்கம் உண்டு. கேள்வி கேட்ட உடனே முன் பெஞ்சுல அதே அஞ்சு கை தூக்கும், நான் "குட்"னு சொல்லி அடுத்ததுக்குப் போயிடுவேன், கடைசி பெஞ்சு பூரா அந்த அஞ்சு பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும்.

எனக்கு வித்தியாசம் உறைச்சது அகப்பொருள் நடத்துறப்பதான். நெய்தலுக்கு நிலம் கடலும் கடல் சார்ந்த இடமும், சிறுபொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயுற நேரம், ஊர் பாக்கம் பட்டினம், தொழில் மீன் பிடிக்கிறது, உப்பு விளைவிக்கிறது, உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்குரிய உணர்வு, இரங்கல், பிரிஞ்சவங்களை நினைச்சு வருந்துறது. இதை அட்டவணையா போட்டு "நெய்தலின் உரிப்பொருள் யாது?"ன்னு கேட்டா "இரங்கல்"னு வகுப்பே சொல்லும். பத்து வருஷம் அப்படித்தான் கேட்டேன். தேவிபட்டினமும் பெரியபட்டினமும் பக்கத்துல இருக்கு, வாலிநோக்கத்துல உப்பளம் இருக்கு, தாழம்பூ மணலோரத்துல பூக்குது, ஆனா பிள்ளைகளுக்கு நெய்தல்ங்கிறது புஸ்தகத்துல வேற எங்கயோ இருக்கிற ஒரு ஊரு.

போன வருஷம் மாத்திக் கேட்டேன். "சாயந்தரம் வெயில் சாயுற நேரத்தைப் போயி எதுக்கு நெய்தலுக்கு வச்சாக? கடற்கரை வீடுகள்ல அந்த நேரம் எப்படி இருக்கும்?" எனக்கு நெசமாவே தெரியாது, நான் பொறந்தது பரமக்குடிப் பக்கம், கண்மாயும் வயலும்தான் பாத்து வளந்தேன். முதல்ல சத்தமே இல்ல. அப்புறம் ஒரு பையன் சொன்னான், நாட்டுப்படகுல அந்த நேரம்தான் வலையை ஏத்திக்கிட்டுக் கிளம்புவாக, ராத்திரி வலை கடல்ல கிடக்கும், விடியக்காலம்தான் எடுப்பாகன்னு. இன்னொருத்தன், கச்சான் காத்து பலமா அடிச்சா அன்னைக்குப் போறதா வேணாமான்னு கரையில நின்னு பேசுறதும் அந்த நேரந்தாம்மான்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, மூணு மாசமா வாயே திறக்காத ஒரு பொண்ணு, "படகு கிளம்புனதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் அவ்வளவா பேச மாட்டாகம்மா, டிவி ஓடும் ஆனா யாரும் பாக்க மாட்டாக"ன்னு சொல்லுச்சு.

நான் போர்டுல இரங்கல்னு எழுதி அந்த வாக்கியத்தையும் பக்கத்துல எழுதினேன். அதுக்கு மேல விளக்கம் தேவைப்படல.

வினா வகை வர்ற இலக்கணப் பாடத்துலயே விடை வகை 8 இருக்கில்லையா, சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழின்னு, நான் கவனிச்சுப் பாத்ததுல அறிவினாவுக்கு நேர் விடை வரும் இல்லன்னா மௌனம் வரும், அவ்வளவுதான். அறியா வினா கேட்ட அன்னைக்குத்தான் மத்ததெல்லாம் தானா வந்து விழுது. "நாளைக்கு எல்லாரும் வருவீங்களா?"ன்னா "நண்டு வலை சிக்கெடுக்கணும்மா"ங்கிறான் ஒருத்தன், அது என்ன விடைன்னு அங்கயே ஒரு பாடம். ஆங்கிலம் கத்துக்கிற பெரியவங்க வகுப்புல ஹவாய்ல சிந்தியா ப்ராக்னு ஒருத்தங்க 1986-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஆசிரியருக்குப் பதில் தெரியாத கேள்விக்கு வந்த பதில்கள் சராசரியா ரெண்டு மடங்குக்கு மேல நீளமா இருந்துச்சாம். எங்க வகுப்புல நான் அளந்து பாக்கல, ஆனா காதுக்கே தெரியுது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், ஏன்னா அறியா வினா கேட்டுப் பாத்துட்டு "நம்ம பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராதுங்க"ன்னு விட்டவங்க நிறைய பேரை எனக்குத் தெரியும், நானே முதல் மாசம் அப்படித்தான் நினைச்சேன். கேள்வில தப்பு இல்ல, காத்திருக்கிற நேரத்துலதான் தப்பு. மேரி பட் ரோன்னு அமெரிக்காவுல ஒரு ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளை ரெக்கார்ட் பண்ணி 1970-கள்ல எழுதியிருக்காங்க. கேள்வி கேட்டுட்டு ஆசிரியர்கள் சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க, அதை 3 செகண்டுக்கு மேல ஆக்குனா பதில் நீளுது, தெரியாதுன்னு சொல்றது குறையுது, கை தூக்காத பிள்ளையும் பேசுது. என் ரெக்கார்டிங்ல பாத்தேன், அந்த ஒரு செகண்டு கூட இல்ல, கேள்வியைக் கேட்டு அந்த மூச்சுலயே பதிலையும் நானே சொல்லியிருக்கேன்.

அறிவினாவுக்கு ஒரு செகண்டு போதும், பதில் புஸ்தகத்துல இருக்கு, எடுத்துக் குடுத்தா ஆச்சு. அறியா வினாவுக்கு எங்க பிள்ளை மூணு வேலை பாக்கணும். பதிலை யோசிக்கணும், அது வீட்டுப் பேச்சுல வரும், அந்தப் பேச்சை வகுப்புல பேசலாமா கூடாதான்னு முடிவு பண்ணணும். கச்சான்ங்கிற வார்த்தையை தமிழம்மா முன்னாடி சொன்னா தப்பா, "மேற்கிலிருந்து வீசும் காற்று"ன்னுதான் சொல்லணுமான்னு அந்தப் பையன் யோசிச்சான், அப்புறம் கேட்டப்ப அவனே சொன்னான். அந்த யோசனைக்கு நேரம் குடுக்கணும்ல. இப்ப நான் கேள்வியை போர்டுல எழுதிட்டு ஜன்னல் வரைக்கும் மெதுவா நடந்து திரும்பி வருவேன், அதுக்குள்ள யாரையும் கூப்பிட மாட்டேன். முதல் வாரம் பிள்ளைக நான் கோவமா இருக்கேன்னு நினைச்சு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க, "கோவம் இல்லப்பா, யோசிக்கிறதுக்குத்தான் நேரம்"னு வாய் விட்டு சொல்ல வேண்டியதாயிருச்சு. பதில் வந்ததுக்கப்புறமும் உடனே "குட்" கிடையாது, இன்னும் ரெண்டு மூணு செகண்டு. அந்த டிவி வாக்கியம் வந்ததே முதல் பையனுக்கு நான் குட் சொல்லாம நின்னதாலதான்.

ஒரு தடவை வகுப்பைப் பாக்க வந்த அதிகாரி ஒருத்தர், "கேள்வியைக் கேட்டுட்டு ஏன் சும்மா நிக்கிறீங்க, வகுப்பு டல்லா இருக்கே"ன்னு எழுதிட்டுப் போனாரு. எனக்கு ரொம்ப வருத்தம்தான். ஆனா அந்த மௌனத்தை வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அப்படித்தான் தெரியும், அதுக்கு முன்கூட்டியே தயாரா இருந்துக்கோங்க.

அறியா வினால கஷ்டமும் உண்டு. ஒரு பீரியட்ல நாலு கேள்விக்கு மேல கேக்க முடியாது, போர்ஷன் பின்தங்கும், நான் செவ்வாய் வெள்ளி மட்டும் அதுக்குன்னு வச்சிருக்கேன், மத்த நாள் அறிவினாவும் ஸ்லிப் டெஸ்ட்டும்தான். புணர்ச்சி விதிக்கெல்லாம் அறியா வினா எப்படிக் கேக்குறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல. மார்க் ஏறுச்சான்னா அடிச்சு சொல்ல மாட்டேன், ரெண்டு பேட்ச் வச்சு என்ன சொல்ல முடியும், நெடுவினாவை வெத்தா விட்டு வர்ற பிள்ளைக குறைஞ்சிருக்காங்க, அது மட்டும் தெரியும். 60 பேர் வகுப்புல இது நடக்குமான்னு நான் செஞ்சு பாத்ததில்ல.

இன்னொண்ணு ரொம்ப கவனமா இருக்கணும். எங்க கரையில இலங்கைக் கடற்படை பிடிச்சுட்டுப் போயி அப்பா அங்க ஜெயில்ல இருக்கிற பிள்ளை எந்த வகுப்புலயும் உக்காந்திருக்கலாம், கடலுக்குப் போயி திரும்பாதவங்க வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம். நமக்குப் பதில் தெரியாத கேள்வின்னா அது எங்க போயி முட்டும்னும் நமக்குத் தெரியாது. அதனால ஒரு பிள்ளையைப் பாத்து "உங்க அப்பா"ன்னு நான் கேக்கவே மாட்டேன், "கடற்கரை வீடுகள்ல", "நம்ம ஊர்ல"ன்னு பொதுவாத்தான் கேப்பேன், சொல்ல விரும்புற பிள்ளை சொல்லட்டும்.

போன வாரம் அதே அட்டவணையைத் திருப்புதலுக்கு எடுத்தேன். அந்தந்த நிலத்துக்குரிய பூ, தொழில் மாதிரி பொருள்களான கருப்பொருள்ல விலங்குன்னு வர்ற இடத்துல ஒரு பொண்ணு எழுந்து, "அம்மா, நெய்தலுக்கு முதலை, சுறான்னு போட்டிருக்கே, சுறா சரி, நம்ம கடல்ல முதலை ஏது?"ன்னு கேட்டுச்சு. எத்தனை வருஷமா அந்த வரியை எழுதிப் போட்டிருக்கேன், எனக்கு இது தோணுனதே இல்ல. எனக்கும் தெரியலப்பான்னு சொல்லிட்டு ஜன்னல் வரைக்கும் நடந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள கடைசி பெஞ்சுல இருந்து ஒருத்தன், "ஆறு கடல்ல சேர்ற கழிமுகத்துல அப்ப இருந்திருக்கும்மா"ன்னான், "அப்ப இப்ப எங்க போச்சு?"ன்னு அந்தப் பொண்ணு அவனைக் கேட்டுச்சு, மணி அடிச்சும் ரெண்டு பேரும் நிறுத்தல.